சோலார் கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது எப்படி

மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூன்று தாள் வரும். மூன்றுக்கும் இடையே ஐம்பதாயிரம் அறுபதாயிரம் வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. குறைத்துச் சொன்னவர் ஏமாற்றுகிறார், கூட்டிச் சொன்னவர் தரமானவர் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். வித்தியாசம் பெரும்பாலும் நாலைந்து வரிகளுக்குள்தான் இருக்கும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியச் சோலார் சந்தை கண்ட ஏற்றமும் இறக்கமும் அந்த வரிகளில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் சொந்த மாடியும் வீட்டு மின் இணைப்பும் உள்ளவர்கள் அவற்றை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் உங்கள் கணக்கு

கொட்டேஷனைத் தொடுவதற்கு முன் கடைசி ஆறு கரண்ட் பில்களை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் என்பதால் ஆறு பில் என்றால் ஒரு வருடம். தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழைக்காலத்தில் அதற்குக் கீழே போகும், மாசி பங்குனியில் மேலே வரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 720 யூனிட்.

உங்கள் பில் 300 யூனிட்டைச் சுற்றியே நிற்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மிச்சமும் குறைந்த விலைப் படிகளில்தான் கழிகிறது. போட்ட பணம் திரும்பி வரப் பல வருடம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டினால் கதை வேறு. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் செங்குத்தாக ஏறுகிறது. சோலார் முதலில் அறுப்பது அந்த மேல்படி யூனிட்டுகளைத்தான். கோடையில் இரண்டு ஏசி ஓடி 800, 900 தொடுகிற வீட்டுக்கு 3 கிலோவாட் கச்சிதம்.

"மாடியில்தான் இடம் இருக்கிறதே, 5 கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. மீதி முழுக்க உங்கள் கைக்காசு. பகல் மின்சாரத்தின் மதிப்பும் முன்போல் இல்லை, அதைப் பின்னால் பார்ப்போம்.

பேனல் வரி

"540 வாட் × 6 = 3.24 கிலோவாட்" என்று இருக்கும். ஒரு பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 30 கிலோ எடை. பேனல் வகை மோனோ பெர்க்கா, டாப்கானா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு அளவில் அந்த வித்தியாசம் சிறியது. பார்க்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: டிசிஆர்.

செல் (பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் சிறு தகடு), பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்யப்பட்டிருந்தால் அது டிசிஆர் பேனல். ஏஎல்எம்எம் என்பது மத்திய அரசு ஒப்புதல் தந்த பேனல் மாடல்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள பேனலுக்குள்ளேயே இறக்குமதி செல் இருக்கலாம். "சார், கவர்மெண்ட் அப்ரூவ்டு பேனல்" என்று விற்பவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கும். மானியம் மட்டும் வராது, ஏனென்றால் மானியத்துக்கு டிசிஆர் கட்டாயம். மலிவான கொட்டேஷன்களில் பாதி மர்மம் இங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பாகுபாடு வந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் விலை ஏன் இப்படித் துள்ளுகிறது என்பதும் புரியும். 2010இல் தேசிய சோலார் திட்டம் தொடங்கியபோது 2022க்குள் 20 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட்) என்பது இலக்கு. 2015இல் அதை 100 கிகாவாட் ஆக்கினார்கள், அதில் 40 வீட்டுக்கூரைகளிலிருந்தும் கட்டடக் கூரைகளிலிருந்தும் வர வேண்டும் என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் பூங்கா 2016இல் எழும்பியது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் யூனிட் 2 ரூபாய் 44 பைசாவுக்கு ஏலம் போனது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் 1 ரூபாய் 99 பைசா வரை இறங்கியது. இவ்வளவு மலிவுக்கும் அடியில் இருந்தது சீனப் பேனல்.

அந்தச் சார்பைக் குறைக்க 2018இல் இறக்குமதிக்குப் பாதுகாப்பு வரி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்கம் விதித்தார்கள். ஏஎல்எம்எம் கட்டாயம் என்றார்கள், பேனல் கிடைக்காமல் வேலைகள் நின்றதால் 2023-24க்கு மட்டும் தளர்த்தினார்கள், 2024 ஏப்ரலில் மறுபடி இறுக்கினார்கள். 2022 இலக்கு கை நழுவியது, அதிலும் பெரிய ஓட்டை விழுந்தது கூரைக் கணக்கில்தான். 100 கிகாவாட்டை நாடு தொட்டது 2025 ஜனவரியில். அதற்குள் உள்நாட்டுப் பேனல் ஆலைகள் பெருகிவிட்டன. செல் ஆலைகள் அந்த வேகத்தில் வளரவில்லை, அதனால்தான் டிசிஆர் பேனல் வாட்டுக்குச் சில ரூபாய் கூடவே நிற்கிறது. அரசு உத்தரவுப்படி 2026 ஜூன் 1 முதல் செல்லுக்கும் தனிப் பட்டியல்.

ஆகவே கொட்டேஷனில் கம்பெனி பெயர், மாடல் எண், "டிசிஆர்" என்ற சொல் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். "டியர் 1 பிராண்டு அல்லது அதற்கு இணையானது" என்றிருந்தால் அடித்துவிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பேனல் வந்து இறங்கியதும் மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஸ்ட்ரக்சரில் ஏறிய பிறகு பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்கப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வரி என்கிற வரி

பேனல், இன்வெர்ட்டர் (பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) எல்லாவற்றையும் பொருத்துவதோடு சேர்த்து ஒரே ஒப்பந்தமாக விற்கும்போது மதிப்பில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரிப்பார்கள். சேவைக்கு ஜிஎஸ்டி 18. பொருளுக்கு 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9க்கு வந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 1,80,000 என்றால் வித்தியாசம் 8,820 ரூபாய். பழைய படிவத்திலேயே கணக்குப் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. வரியைத் தனியாகக் காட்டச் சொன்னாலே போதும்.

மானியம்: 78,000 யாருக்கு வரும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், அவ்வளவுதான். இதற்கு அரசு அடிப்படையாக வைத்த விலை முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000, மொத்தம் 1,45,000. சந்தை விலை இதைவிடக் கூடத்தான் வரும், ஆனால் எவ்வளவு கூட என்று பேரம் பேச இந்த எண் உதவும்.

மானியம் வேலை முடிந்து, மின்வாரியம் பார்த்து, முறைப்படி இயக்கி வைக்கும் கமிஷனிங் ஆன பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியம் கழித்து இவ்வளவு கொடுத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்பவரிடம் கவனமாக இருங்கள். முழுத் தொகையும் முதலில் உங்கள் கையிலிருந்தோ கடனாகவோதான் போக வேண்டும். 3 கிலோவாட் வரை ஈடில்லாக் கடன் 2 லட்சம் வரை பொதுத்துறை வங்கிகளில் கிடைக்கிறது.

விண்ணப்பம் சிக்கும் இடம் பெரும்பாலும் பெயர். ஈபி இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கும், ஆதாரும் வங்கிக் கணக்கும் மகன் பெயரில் இருக்கும். இணையதளத்தில் பதிவு செய்யும்போது ஓடிவிடும். பேனல் மாடியேறி, பணமும் போன பிறகு மானியம் கேட்கும் கட்டத்தில் நிற்கும். கொட்டேஷன் வாங்கும் வாரத்திலேயே பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் அதையும் சரிசெய்து விடுங்கள். விற்பவர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவரா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பதிவு இல்லாதவர் எவ்வளவு நல்ல வேலைக்காரராக இருந்தாலும் மானியம் கிடையாது.

ஸ்ட்ரக்சர்: காற்றோடு ஒரு கணக்கு

இந்த வரியில் "ஜிஐ ஸ்ட்ரக்சர், 1 செட்" என்று மட்டும் இருந்தால் அதுதான் தாளிலேயே ஆபத்தான வரி. சென்னைக்குக் கட்டட விதிகளில் சொல்லப்பட்ட அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றழுத்தம் என்பது 0.6ஐ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. பேனல் பரப்பு 2.58 சதுர மீட்டர். சாய்வையும் உயரத்தையும் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், 30 கிலோ பேனலைக் காற்று கிட்டத்தட்ட 390 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். ஆறு பேனலுக்கு 2.3 டன். வர்தாவையும் கஜாவையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது காலடியில் வைக்கும் கான்கிரீட் கட்டையைப் பாருங்கள். ஒரு அடி நீளம், அகலம், உயரம் உள்ள கட்டை 68 கிலோதான். ஆறு கட்டை வைத்தாலும் 400 கிலோ. தரையோடு தாழ்வாக, 10 டிகிரி சாய்வில் உட்காரும் பேனலுக்கு இது ஓரளவு தாங்கலாம். கீழே துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி நிறுத்தினால் வெறும் கட்டையை நம்பக் கூடாது. கால்கள் பீம் இருக்கும் இடத்தில் இறங்க வேண்டும். தட்டோட்டை அந்த இடத்தில் மட்டும் பெயர்த்து, சிலாபில் கெமிக்கல் ஆங்கர் (பசையால் இறுகும் போல்ட்) போட்டு, மேலே பீடம் வார்த்து, தட்டோட்டு விளிம்பைத் திரும்பப் பூச வேண்டும். தட்டோட்டின் மேலேயே துளை போட்டு போல்ட் முடுக்கிவிட்டுப் போனால் அடுத்த ஐப்பசியில் படுக்கையறைக் கூரை ஒழுகும். பீடம் காய்ந்ததும் ஒரு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள், அதன் பிறகு பேனல் ஏறட்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை: ஹாட் டிப் கால்வனைஸ், பூச்சு 80 மைக்ரான், போல்ட் நட்டு எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு என்றால் 316. வெட்டிய இடத்தில் வெள்ளிப் பெயின்ட் அடித்துச் சமாளிப்பது துருவுக்குத் தவணை சொல்வது.

நிழல்

இது எந்தக் கொட்டேஷனிலும் வராது. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். நிழல்பட்ட பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தை விடும் பைபாஸ் டயோடுகள் உள்ளே இருப்பதால் முழுக்கச் சாகாது, ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தியைக் காட்டும் மொபைல் ஆப்பில் தெரியும். மார்கழியில் காலை 9 மணிக்குச் சென்னையில் சூரியன் சுமார் 31 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஒரு அடி உயரப் பொருளுக்கு ஒன்றரை அடிக்கு மேல் நிழல். ஆறடித் தொட்டிக்குப் பத்தடி. தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்குப் பக்கம் இருக்கிற தொட்டி, தென்னை, பக்கத்து வீட்டு ஹெட்ரூம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் வடபக்கச் சுவரும் நண்பகலில் லேசாக நிழல் போடும், அடிக்கு இரண்டங்குலம், அவ்வளவே. அரையடி ஒன்றரையடி விட்டால் போதும்.

பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அதற்குக் கீழே படுக்க வைத்தால் மழை கழுவாது, கீழ் விளிம்பில் மண் வரி கட்டும்.

கேபிளும் எர்த்தும்

பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் டிசி கேபிள் 4 சதுர மில்லிமீட்டர், சோலாருக்கென்றே வரும் வெயில் தாங்கும் வகை. இரண்டு முனைகளிலும் எம்.சி.4 கனெக்டர் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனி மாட்டினாலும் உள்ளே போகும், சிக்கும், நாளடைவில் சூடேறி உருகலாம். ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் டிசி நிற்கும். இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை அந்த வோல்ட் இருக்கும். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள், தீப்பொறி கையோடு வரும்.

ஏசி கேபிளில்தான் கொட்டேஷன்காரர்கள் மிச்சம் பிடிப்பார்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாங்கத்தான் செய்யும். ஆனால் மாடியிலிருந்து கீழே மீட்டர் பெட்டிக்கு 40 மீட்டர் ஓட்டம் என்று வையுங்கள். போக வர 80 மீட்டர், கிலோமீட்டருக்கு 7.4 ஓம், ஆக 0.6 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது 7.7 வோல்ட் கூடும். சோலாரில் மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே தள்ளப்படுவதால் வோல்டேஜ் குறையாது, இன்வெர்ட்டர் முனையில் ஏறும். தெரு லைனில் 246 இருந்தால் இன்வெர்ட்டர் 254 பார்க்கும், வரம்பைத் தாண்டியதும் கழன்றுகொள்ளும். நல்ல வெயிலில், நடுப்பகலில், நின்று நின்று ஓடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் ஏற்றம் 3 வோல்ட்டோடு முடிந்திருக்கும்.

ஏற்கெனவே இப்படி நின்று ஓடுகிறதா? மதியம் 12 மணிக்கு எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இடையே நாலைந்து வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றம் உங்கள் கேபிளில். மீட்டரிலேயே அதிகம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்ற ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

எர்த் மூன்று: ஏசிக்கு ஒன்று, பேனல் ஸ்ட்ரக்சர் மற்றும் டிசிக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மூன்றாவதை மற்றதோடு சேர்த்து முறுக்கிவிடுவது வழக்கமான சோம்பேறித்தனம். ஒவ்வொன்றும் 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்

ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போன அந்த நொடியே நின்றுவிடும், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும். கம்பத்தில் லைன்மேன் கைவைத்திருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதை முன்கூட்டிச் சொல்லாமல் விற்றதால் வந்த சண்டைகள் ஏராளம். மின்வெட்டு உள்ள பகுதி என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரி என்று விலை வேறு பக்கம் போகும்.

பேட்டரியைப் பற்றி இன்னொரு விஷயம். நாட்டில் இப்போது பகல் மின்சாரம் கூடிவிட்டது, மாலையில் பற்றாக்குறை. ராஜஸ்தானில் பெரிய பூங்காக்களையே லைன் போதாமல் பகலில் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். ஏலம் முடிந்தும் வாங்க ஆளில்லாமல் ஒப்பந்தம் ஆகாத திட்டங்கள் 2025இல் 40 கிகாவாட்டைத் தாண்டின. மாநில வாரியங்கள் கேட்பது சாயங்காலம் 6 மணிக்கு மேல் வரும் மின்சாரத்தை. வீட்டு நெட் மீட்டரில் இன்றைக்குப் பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிகின்றன. பேனல் 25 வருடம் இருக்கும், இந்த விதி அத்தனை வருடம் இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. தேவைக்கு மேல் பேனலை அடுக்க வேண்டாம் என்பது அதனால்தான். மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் பகலுக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் செலவில்லாத பேட்டரி.

பணம் கொடுக்கும் வரிசை

முன்பணம் நாலில் ஒரு பங்கு. பொருள் இறங்கி, சீரியல் எண் சரிபார்த்த பிறகு பாதி. பொருத்தி முடித்ததும் ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதத்தை இருவழி மீட்டர் மாட்டி, கமிஷனிங் சான்றிதழ் கைக்கு வரும்வரை பிடித்து வையுங்கள். பேனல் மாட்டுவது இரண்டு நாள் வேலை, மீட்டருக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். பணம் முழுக்கப் போய்விட்டால் மின்வாரிய ஏ.இ. ஆபீஸ் படியேறுவது நீங்கள் மட்டும்தான். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்பது 2024ஆம் ஆண்டு விதி, அதற்காக இழுத்தடித்தால் நினைவூட்டலாம். மீட்டர் வரும் முன் சோலாரைப் போட்டு ஓட விடாதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே கூட்டும்.

மானியத் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு விற்பவர் பொறுப்பு. கழுவுவது உங்கள் வேலை: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறும் முன், சாதாரணத் தண்ணீரும் மெத்தென்ற துடைப்பானும். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் காயுமுன் துடைத்துவிடுங்கள், கறை கண்ணாடியில் நிரந்தரமாகத் தங்கும்.

முதல் பில் வந்ததும்

ஆப் 720 யூனிட் உற்பத்தி என்று காட்டும். பில்லில் வெளியே போனது 450 என்றுதான் இருக்கும். 270 யூனிட்டை ஈபி விழுங்கிவிட்டது என்று முதல் பில்லில் கோபப்படாதவர் குறைவு. பகலில் ஓடிய ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் அந்த 270ஐ மீட்டரைத் தொடும் முன்பே எடுத்துக்கொண்டன. உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்தால் வருவது உங்கள் வீட்டின் பகல் செலவு. அந்த எண் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தால், அல்லது ஏற்றுமதி பூஜ்யம் என்று வந்தால், மீட்டர் திசை மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.